ஜிம்னிக்கு 2 இஞ்ச் லிஃப்ட் கிட்: பெட்டியில் வருவதும் வராததும்

மாருதி சுசுகியின் 5 கதவு ஜிம்னி 2023 ஜூனில் விற்பனைக்கு வந்தது. வண்டியைக் கையில் வாங்கியவர்கள் அடுத்ததாக விசாரிப்பது பெரும்பாலும் லிஃப்ட் கிட்டைத்தான், அதாவது சஸ்பென்ஷனை மாற்றி வண்டியை உயர்த்தும் பாகங்களின் தொகுப்பை. கடைகளில் ‘2 இஞ்ச் லிஃப்ட்’ என்ற ஒரே பெயரில் நான்கு விதமான சரக்கு விற்கிறார்கள். விலையில் பெரிய வித்தியாசம், தரத்தில் அதைவிடப் பெரிய வித்தியாசம். இந்த விமர்சனம் ஏதோ ஒரு கம்பெனியின் கிட்டைப் பற்றியது மட்டுமல்ல. அந்த நான்கு வகையையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எதற்குக் காசு கொடுக்கலாம், எதைத் தொடவே வேண்டாம் என்று சொல்வது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஸ்பிரிங்குக்கு மேல் வைக்கும் ஸ்பேசர் கிட் வேண்டாம். ஸ்பிரிங் மட்டும் வரும் கிட்டும் வேண்டாம். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்து வரும் கிட் பாதி வேலை. மீதிப் பாதியைத் தனியாக வாங்கத் தயாராக இருந்தால் வாங்கலாம். கேஸ்டர் புஷ் (ஸ்டியரிங் அச்சின் சாய்வைத் திருத்தும் வளையம்), நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்ட் ராட் (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் தண்டு), பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது தாங்கும் ரப்பர் கட்டை), நீளமான பிரேக் ஹோஸ் (பிரேக் எண்ணெய்க் குழாய்) எல்லாம் சேர்ந்து வரும் முழு கிட்தான் வாங்க வேண்டியது. ஆனால் கிட் வாங்க நினைப்பவர்களில் பாதிப் பேருக்கு அது தேவையே இல்லை. நல்ல டயரும் சரியான காற்றழுத்தமும் போதும். காரணம் கீழே வருகிறது.

எந்த உயரம் கூடுகிறது?

லிஃப்ட் கிட் வாங்கும்போது நடக்கும் முதல் தப்பு இங்கேதான். ஜிம்னியின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 210 மி.மீ. என்று கம்பெனி சொல்கிறது. முன்னும் பின்னும் ஒரே தண்டாக வரும் ஆக்ஸில் என்பதால், வண்டிக்கு அடியில் மிகத் தாழ்வாக இருப்பது டிஃபரன்ஷியல் உருண்டை, அதாவது இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துத் தரும் கியர் இருக்கும் இடம். ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடியும் சேஸிஸும்தான் மேலே போகும். ஆக்ஸில் இருந்த இடத்திலேயே இருக்கும். ‘2 இஞ்ச் லிஃப்ட் போட்டால் கிளியரன்ஸ் 260 மி.மீ.’ என்று கடைக்காரர் சொன்னால் அது தப்பு. டிஃபரன்ஷியலை உயர்த்துவது டயர் மட்டும்தான், அதுவும் டயரின் விட்டம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதி அளவு.

அப்படியானால் லிஃப்டால் என்ன லாபம்? 5 கதவு ஜிம்னிக்கு ஒரு உண்மையான லாபம் இருக்கிறது. 3 கதவு ஜிம்னியின் வீல்பேஸ் 2,250 மி.மீ., நம்முடையது 2,590 மி.மீ. இந்த 340 மி.மீ. நீளத்தால், மேட்டு முகட்டில் ஏறி இறங்கும்போது வயிறு தட்டும். வயிறு தட்டாமல் கடக்கக்கூடிய முகட்டின் கோணத்தைப் பிரேக்ஓவர் கோணம் என்பார்கள். அது 3 கதவு வண்டிக்கு 28 டிகிரி, 5 கதவு வண்டிக்கு 24 டிகிரி. கணக்கு போட்டுப் பார்த்தால், வயிற்றை 50 மி.மீ. உயர்த்தும்போது 24 டிகிரி ஏறக்குறைய 28 டிகிரி ஆகிறது. அதாவது, 2 இஞ்ச் லிஃப்ட் என்பது நீட்டியதால் போன கோணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது. முகடு, பாறைத் திட்டு, ஆழமான வண்டித்தடம் என்று போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். கடற்கரை மணலிலும் மழைக்காலச் சேற்றிலும் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

2 இஞ்சுக்கு மேல் போகவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. 3 இஞ்சில், முன் ஆக்ஸிலுக்கு விசையைக் கொண்டுபோகும் பிராப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கூடி அதிர ஆரம்பிக்கும். அதை அடக்க ஷாஃப்ட்டுக்கு ஸ்பேசர், இரட்டை மூட்டு உள்ள டபுள் கார்டன் ஷாஃப்ட் என்று செலவு வேறு திசையில் போய்விடும். 40 மி.மீ. தரும் கிட்டும் சந்தையில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி கம்பெனி விற்கும் ஓல்டு மேன் ஈமு கிட் ஜிம்னிக்குத் தருவது ஏறக்குறைய இந்த அளவுதான். வேலைக்குப் போக வண்டியைத் தினமும் ஓட்டுபவர்களுக்கு அந்த 40 மி.மீ. போதும். மிச்சமாகும் 10 மி.மீ. கேஸ்டரிலும் பிரேக்ஓவரிலும் கொஞ்சம்தான் வித்தியாசம் காட்டும், ஆனால் நெடுஞ்சாலையில் கை நன்றாக உணரும்.

நான்கு வகைக் கிட்

ஸ்பேசர் கிட் என்பது ரப்பர், பாலியூரித்தேன் அல்லது அலுமினிய வளையம். பழைய ஸ்பிரிங்குக்கு மேலோ கீழோ அதை வைத்து வண்டியை உயர்த்துகிறார்கள். விலை குறைவு, அரை நாள் வேலை, பார்க்கவும் உயரமாகத்தான் இருக்கும். ஆனால் ஷாக் அப்சார்பர் பழையதே. அதன் மொத்த நீளம் மாறாததால், வண்டி உயர்ந்த அளவுக்குச் சக்கரம் கீழே தொங்கும் தூரம் குறைந்துவிடும். பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொடுவதுதான் ஜிம்னியின் பலம். ஸ்பேசர் போட்டவன் அதைத்தான் விற்றுவிட்டு உயரத்தை வாங்குகிறான். போதாக்குறைக்கு, வேகத்தடையில் இறங்கும்போதெல்லாம் ஷாக் முழுதாக நீண்டு ‘டொக்’ என்று இடிக்கும். சில மாதத்தில் ஷாக்கின் மேல் முனை புஷ் கிழியும், ஷாக்கிலிருந்து எண்ணெய் கசிய ஆரம்பிக்கும்.

ஸ்பிரிங் மட்டும் வரும் கிட்டிலும் இதே கதைதான். கூடவே இன்னொரு பிரச்சினை: புது ஸ்பிரிங் பழையதைவிடக் கடினம், பழைய ஷாக்குக்கு அதன் துள்ளலை அடக்கும் திறன் இல்லை. வண்டி ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் ஒருமுறை ஆடி நிற்காமல் இரண்டு மூன்று முறை ஆடும்.

ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த கிட்டில் கேட்க வேண்டிய கேள்வி, ‘இது 5 கதவுக்கா, 3 கதவுக்கா?’ வெளிநாட்டுக் கிட் பலவும் 3 கதவு வண்டிக்காக வடிவமைத்தவை. போல்ட் துளைகள் பொருந்தும், வண்டியும் நிற்கும். ஆனால் 5 கதவின் பின்பக்க எடை கூடுதல் என்பதால், பின்னால் 50 மி.மீ. கிடைக்க வேண்டிய இடத்தில் 30 தான் கிடைக்கும். முன்னால் மட்டும் முழுதாக உயர்ந்து, வண்டி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பெட்டியில் இருக்கும் பாக எண்ணை எழுதி வாங்கி, அது 5 கதவுக்கான எண்தானா என்று கம்பெனியின் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்கைத் தேர்வு செய்வதிலும் தப்பு நடக்கிறது. நல்ல கம்பெனிகள் முன் ஸ்பிரிங்கை இரண்டு விதமாகத் தருவார்கள்: சாதாரண பம்பருக்கு ஒன்று, இரும்பு பம்பரும் வின்ச்சும் (சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் மோட்டார்) உள்ள வண்டிக்கு ஒன்று. ‘பிறகு எப்படியும் வின்ச் போடப்போகிறேன்’ என்று கனமான ஸ்பிரிங்கை முன்கூட்டியே வாங்கிவிட்டால், வின்ச் வரும்வரை முன்பக்கம் 65, 70 மி.மீ. உயர்ந்து நிற்கும். எலும்பு குலுங்கும், கேஸ்டரும் அதற்கேற்ப இன்னும் குறையும். இன்றைக்கு வண்டியில் இருக்கும் எடைக்கு வாங்குங்கள்.

வலது, இடது என்று ஸ்பிரிங் மாறுவதும் உண்டு. சில கிட்களில் ஓட்டுநர் பக்க ஸ்பிரிங் சில மி.மீ. உயரமாக இருக்கும். இடதுபக்க ஸ்டியரிங் நாடுகளுக்கான கிட்டாக இருந்தால் ‘ஓட்டுநர் பக்கம்’ என்று குறித்தது நமக்குப் பயணி பக்கம். ஒட்டியிருக்கும் லேபிளை நம்பாமல், நான்கையும் தரையில் நிறுத்தி உயரத்தை அளந்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள்.

பெட்டியில் வராத பாகம்: கேஸ்டர்

ஜிம்னியின் முன் ஆக்ஸிலைச் சேஸிஸோடு பிடித்திருப்பது இரண்டு ரேடியஸ் ஆர்ம். சேஸிஸ் உயர்ந்தால் அந்த ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்கிறது. ஆர்மோடு இறுகக் கட்டியிருக்கும் ஆக்ஸிலும் அதே அளவு சுழல்கிறது. ஆர்மின் நீளம் 700 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 50 மி.மீ. உயர்த்தும்போது ஆக்ஸில் 4 டிகிரி சுழலும். கேஸ்டர் கோணம், அதாவது பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு, அப்படியே குறையும். கேஸ்டர்தான் வளைவு முடிந்ததும் ஸ்டியரிங்கைத் தானாக நேருக்குக் கொண்டுவருவது. அது போய்விட்டால் 80 கி.மீ. வேகத்தில் வண்டி ஓரிடத்தில் நில்லாமல் அங்குமிங்கும் அலையும். லாரி கடந்து போகும்போது கையை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். இதை ‘லிஃப்ட் போட்டால் அப்படித்தான்’ என்று சொல்லும் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

இதற்கான பாகம் கேஸ்டர் கரெக்‌ஷன் புஷ். துளை நடுவில் இல்லாமல் ஓரமாக இருக்கும் புஷ் இது. ரேடியஸ் ஆர்மின் ஆக்ஸில் பக்க முனையில் உள்ள இரண்டு புஷ்ஷுக்குப் பதில் இதை அழுத்திப் பொருத்த வேண்டும். ஹைட்ராலிக் பிரஸ் இல்லாத இடத்தில் சுத்தியலால் அடித்து ஏற்ற விடாதீர்கள், ஆர்மின் வளையமே கோணிவிடும். புஷ்ஷின் மேல் ஒரு அம்புக்குறியோ வெட்டுக்குறியோ இருக்கும். அதைத் திருப்பிப் போட்டால், திரும்பக் கிடைக்க வேண்டிய 2, 3 டிகிரி கூடுதலாகப் போய்விடும். லிஃப்ட் போட்டதைவிடப் புஷ் போட்ட பிறகு வண்டி மோசமாக ஓடுகிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது இந்த அம்புக்குறியை. பாலியூரித்தேன் புஷ் என்றால் கிட்டோடு வரும் கிரீஸை உள்ளே தடவியே பொருத்த வேண்டும். தடவாவிட்டால் கிறீச் கிறீச்சென்று கத்தும்.

பிரஸ் வேலை வேண்டாம் என்றால் போல்ட்டில் மாட்டும் கேஸ்டர் பிளேட்டும் கிடைக்கிறது. வேலை சுலபம், ஆனால் ஆர்மின் முனை தரைக்கு அருகே இறங்கும் மாடல்களில் பாறையில் முதலில் இடிபடுவது அதுதான்.

அலைன்மென்ட் கடையில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஜிம்னியில் கம்பெனி கொடுத்த அமைப்பில் டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான் சரிசெய்ய முடியும். கேஸ்டர், கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) இரண்டுக்கும் திருகு எதுவும் கிடையாது. அதனால் கடைக்காரர் டோவைச் சரிசெய்துவிட்டு ‘எல்லாம் ஓகே சார்’ என்று பில்லை நீட்டுவார். லிஃப்டுக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை கேஸ்டர் அளவை அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கிட் எவ்வளவு எடுத்தது, புஷ் எவ்வளவு திருப்பிக் கொடுத்தது என்று தெரியும்.

பான்ஹார்ட் ராட், ஸ்டியரிங் நேர்

ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடித்திருப்பது பான்ஹார்ட் ராட். சுசுகிக்காரர்கள் இதை லேட்டரல் ராட் என்பார்கள். ஒரு முனை சேஸிஸில், மறுமுனை ஆக்ஸிலில். வண்டி உயரும்போது இதன் சாய்வு கூடுவதால் ஆக்ஸிலைச் சேஸிஸ் முனையின் பக்கம் இழுத்துவிடும். 2 இஞ்சில் இது ஒரு சென்டிமீட்டருக்குள்தான். பின்னால் நின்று பார்த்தால் ஒரு பக்கச் சக்கரம் வெளியே, மறுபக்கம் உள்ளே என்று கண்ணுக்குத் தெரியும். அளக்க வேண்டுமானால் ஃபெண்டர் விளிம்பிலிருந்து ஒரு நூல்குண்டைத் தொங்கவிட்டு, டயரின் பக்கச் சுவர் வரை இரண்டு பக்கமும் அளந்துகொள்ளுங்கள். வித்தியாசத்தில் பாதிதான் ஆக்ஸில் நகர்ந்த தூரம். முன்னும் பின்னும் தனித்தனியாக அளக்க வேண்டும். நீளம் மாற்றக்கூடிய ராட் போட்டு அதே அளவு திருப்பினால் நேராகிவிடும். லாக் நட்டை இறுக்க மறந்துவிடாதீர்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு தப்பு மிகச் சாதாரணமாக நடப்பது. லிஃப்ட் போட்டதும், ஸ்டியரிங் பெட்டியை முன் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க்கின் கோணம் மாறி, வண்டி நேராகப் போகும்போது ஸ்டியரிங் சக்கரம் ஒரு பக்கம் திரும்பி நிற்கும். சில பட்டறைகளில் ஸ்டியரிங்கைக் கழற்றி, நேராக வைத்துத் திரும்ப மாட்டிவிடுவார்கள். கண்ணுக்கு நேராகத் தெரியும். ஆனால் கோணத்தை அளக்கும் சென்சார் இன்னும் வண்டி திரும்பிக்கொண்டிருப்பதாகவே நினைக்கும். ஈஎஸ்பி (வண்டி சறுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு) விளக்கு எரியும், அல்லது தேவையில்லாத இடத்தில் ஒரு சக்கரத்தில் பிரேக் பிடிக்கும். சரிசெய்ய வேண்டிய இடம் டிராக் லிங்க்கில் உள்ள அட்ஜஸ்டர் குழாய். இரண்டு கிளாம்ப்பைத் தளர்த்தி, குழாயைத் திருப்பி, ஸ்டியரிங் நேராக வந்ததும் இறுக்க வேண்டும். முதலில் பான்ஹார்ட் ராட், பிறகு டிராக் லிங்க், கடைசியில் டோ. இந்த வரிசை மாறினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டிவரும்.

மாட்டும்போது

மாட்டும் வேலை ஒரு நாள். கிட்டைவிட மாட்டும் கை முக்கியம் என்று சொல்லத் தோன்றும் இடம் இது. சேஸிஸுக்குக் கீழே ஸ்டாண்ட், ஆக்ஸிலுக்குக் கீழே ஜாக்கி. ஷாக்கின் கீழ் போல்ட், ஸ்டெபிலைசர் லிங்க் இரண்டையும் கழற்றி, ஆக்ஸிலை மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் கைக்கு வரும். அப்படி இறக்கும்போது பிரேக் ஹோஸும், ஏபிஎஸ் வயரும், ஆக்ஸிலுக்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாயும் இழுபடுகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆக்ஸில் பிரேக் ஹோஸில் தொங்கினால் அந்த ஹோஸை மாற்றிவிடுவதே மேல்; வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே கிழிந்திருக்கலாம்.

ஸ்பிரிங் வெளியே இருக்கும் அந்த நேரத்தில் ஒரு சோதனை செய்துவிட வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். புது ஷாக்கை மட்டும் மாட்டி, ஸ்பிரிங் இல்லாமல் ஆக்ஸிலை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் தொடும்வரை உயர்த்துங்கள். அந்த இடத்தில் ஷாக்குக்கு இன்னும் 10, 15 மி.மீ. அமுங்க இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பெரிய பள்ளத்தில் வண்டியின் மொத்த அடியையும் வாங்குவது பம்ப் ஸ்டாப் அல்ல, ஷாக்கின் உள் பிஸ்டன். நீளமான ஷாக் என்றால் மூடிய நீளமும் அதிகம். அதனால்தான் பம்ப் ஸ்டாப்பையும் நீட்ட வேண்டியிருக்கிறது. இதே நிலையில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி டயர் எங்காவது உரசுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பிறகு ஆக்ஸிலை முழுதாகத் தொங்கவிட்டு, பிரேக் ஹோஸில் குறைந்தது 20 மி.மீ. தளர்வு மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தொங்கும் நிலையிலும் ஒருமுறை.

இறுக்குவதில்தான் அதிகம் கெடுகிறது. ரேடியஸ் ஆர்ம், பின் ஆர்ம், பான்ஹார்ட் ராட் இவற்றின் ரப்பர் புஷ் போல்ட்டை, சக்கரம் காற்றில் தொங்கும்போது இறுக்கவே கூடாது. ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கியதும் முறுகிக்கொண்டு கிடக்கும். சில ஆயிரம் கிலோமீட்டரில் கிழியும். அதுவரை வண்டி சொன்ன உயரத்துக்கு இறங்கவும் இறங்காது. எல்லா போல்ட்டையும் கையால் பொருத்தி, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, நாலு முறை மேலும் கீழும் அழுத்தி ஆட்டி, அதன்பிறகு டார்க் ரெஞ்ச்சால் சுசுகி சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். லிஃப்ட் மேடையில் வண்டி தூக்கி இருக்கும்போதே ஏர் கன்னால் எல்லாவற்றையும் இறுக்கி முடித்தார்கள் என்றால், அந்தப் பட்டறைக்கு அடுத்த முறை போக வேண்டாம்.

உயரத்தை அளக்கும்போது தரையிலிருந்து அளக்காமல், சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து ஃபெண்டர் வளைவு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். டயர், காற்று எதுவும் அந்தக் கணக்கில் குறுக்கிடாது. பெட்ரோல் அளவும் உள்ளே இருக்கும் சாமானும் இரண்டு முறையும் ஒன்றாக இருக்கட்டும்.

ஹெட்லைட்டையும் இறக்க மறக்காதீர்கள். மறந்தால் எதிரே வருபவர் திட்டிக்கொண்டே போவார்.

ஸ்டியரிங் உதறல்

லிஃப்ட் போட்ட ஜிம்னி 60, 70 கி.மீ. வேகத்தில் ஒரு பள்ளத்தைத் தொட்டதும் ஸ்டியரிங் தலைதெறிக்க உதறுகிறது என்றால், கடைக்காரர் முதலில் விற்கப் பார்ப்பது கனமான ஸ்டியரிங் டாம்பர் (ஸ்டியரிங் உதறலை அமுக்கும் ஷாக்). அது நோயை மறைக்கும், தீர்க்காது. வரிசையாகப் பார்க்க வேண்டியவை: டயர் பேலன்ஸ், பான்ஹார்ட் ராட் புஷ், டை ராட் முனைகள், பிறகு கிங்பின் பேரிங் (முன் சக்கரம் வலது இடதாகத் திரும்பும் அச்சின் பேரிங்). கடைசியாகச் சொன்னது ஜிம்னி வகையறாவின் பழைய பலவீனம். பெரிய டயரும், வெளியே தள்ளி நிற்கும் அலாய் வீலும் அந்தப் பேரிங்கின் ஆயுளைக் குறைக்கும். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மீண்டும் ஆட்டுங்கள். அப்போதும் ஆடினால் கிங்பின், நின்றுவிட்டால் வீல் பேரிங்.

டயர்: முதலில் வாங்க வேண்டியது

கம்பெனி டயர் 195/80 ஆர்15, விட்டம் 693 மி.மீ. 215/75 ஆர்15 போட்டால் 703 மி.மீ.; லிஃப்ட் இல்லாமலே உட்காரும், கம்பெனி ரிம்மிலேயே ஏறும், ஸ்பீடோமீட்டர் வித்தியாசம் ஒன்றரை சதவீதம். இந்த அளவில் யோகோஹாமா ஜியோலாண்டர் ஏ/டி ஜி015 போன்ற ஆல்-டெரெய்ன் டயர் போட்ட ஜிம்னி, எந்த லிஃப்டும் இல்லாமல் நம் ஊர் மண்பாதையில் பெரும்பாலான இடத்துக்குப் போய் வரும்.

235/75 ஆர்15 தான் பலருக்கும் ஆசை. விட்டம் 733 மி.மீ.; டிஃபரன்ஷியல் 20 மி.மீ. உயரும், அது நிஜமான லாபம். அதற்குக் கொடுக்க வேண்டிய விலையையும் பாருங்கள். இந்த அளவு டயருக்குக் குறைந்தபட்ச ரிம் அகலம் 6 இஞ்ச். ஜிம்னியின் ரிம் 5.5 இஞ்ச். ஆகவே ரிம்மும் மாற்ற வேண்டும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மையான வேகம் ஏறக்குறைய 106. இன்ஜின் தருவதோ 134 நியூட்டன் மீட்டர்தான்; 4 கியர் ஆட்டோமேட்டிக் வண்டியில் மலை ஏற்றத்தில் எந்த கியரில் நிற்பது என்று அதற்கே தெரியாமல் மாறி மாறி விழும். பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியும் இதே அளவில்தானே வாங்க வேண்டும்? கதவைத் திறந்து மூடி, பம்பரில் தட்டுகிறதா, கீல் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மேனுவல் கியர், வார இறுதியில் மட்டும் ஓட்டும் வண்டி என்றால் போடலாம். தினசரி ஆட்டோமேட்டிக் வண்டிக்கு வேண்டாம்.

எல்டி வகை (இலகு லாரிக்கான) டயர் போட்டதும் அதன் பக்கச் சுவரில் எழுதியிருக்கும் அதிகபட்ச அழுத்தத்தைப் பார்த்து 40 பிஎஸ்ஐ அடிப்பவர்கள் உண்டு. அது டயர் தாங்கும் எல்லை. வண்டிக்குத் தேவையான அளவு கதவுத் தூணில் ஒட்டியிருக்கிறது. கூடுதலாக அடித்துவிட்டு, ‘புது ஷாக் கடினமாக இருக்கிறது’ என்று கிட்டைக் குறை சொல்வது நியாயம் இல்லை. மணலில் 15 பிஎஸ்ஐ வரை இறக்கலாம், வேகத்தைக் குறைத்து, திடீர்த் திருப்பம் இல்லாமல். தாரில் ஏறுமுன் திரும்ப அடிக்க ஒரு கம்ப்ரஸர் வண்டியில் இருக்க வேண்டும். ஸ்நார்கெலுக்கு (இன்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாய்) முன்னால் வாங்க வேண்டிய பொருள் அது.

எடைக் கணக்கு

5 கதவு ஜிம்னியின் வெற்று எடை அதிகபட்சம் 1,210 கிலோ, மொத்த எடை வரம்பு 1,545 கிலோ. சுமக்க மிச்சம் 335 கிலோ. 70 கிலோ ஆட்கள் நாலு பேர் உட்கார்ந்தால் 280 போய்விடும். மீதி 55 கிலோவில் இரும்பு பம்பர், வின்ச், ரூஃப் ரேக், தண்ணீர், கூடாரம் எல்லாம் எப்படி அடங்கும்? இரும்பு பம்பரும் இரும்புக் கயிறு வின்ச்சும் மட்டுமே அதைத் தாண்டிவிடும். லிஃப்ட் கிட் இந்த வரம்பை ஒரு கிலோகூட உயர்த்தாது. கனமான ஸ்பிரிங் போட்டால் பின்பக்கம் தாழாது, அவ்வளவுதான். பிரேக்கும் ஆக்ஸிலும் அதே பழையவைதான்.

வின்ச் கட்டாயம் வேண்டும் என்றால் வண்டியின் மொத்த எடையைப் போல் ஒன்றரை மடங்கு இழுவை போதும். ஜிம்னிக்கு அது 2,318 கிலோ, பவுண்டில் 5,100. 6,000 பவுண்ட் வின்ச், சிந்தெடிக் கயிறு என்று எடுத்தால் எடை மிச்சம். 9,500, 12,000 பவுண்ட் வின்ச் பெரிய வண்டிகளுக்கானது. ஜிம்னியின் மூக்கில் தொங்கவிட்டால் முன் ஸ்பிரிங்கைத் தின்றுவிடும்.

ஆற்றைக் கடக்கும் எண்ணம் இருந்தால், ஸ்நார்கெலைவிட டிஃபரன்ஷியல் பிரீதர் குழாயை நீட்டி இன்ஜின் அறை உயரத்துக்குக் கொண்டுபோவது முக்கியம். சூடான ஆக்ஸில் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். எண்ணெய் பால் நிறத்துக்கு மாறியிருந்தால் அன்றே மாற்ற வேண்டும். குழாய் நீட்ட ஆகும் செலவு ஸ்நார்கெலின் விலையில் சிறு துண்டு.

சட்டமும் காப்பீடும்

லிஃப்ட் விற்பவர்கள் இதைப் பேசவே மாட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரம் கம்பெனி முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. 182ஏ பிரிவில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் இருக்கிறது. இரும்பு புல் பார் (பம்பருக்கு முன்னால் மாட்டும் தடுப்புக் கம்பி) விஷயத்தில் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ‘எல்லோரும்தானே போட்டிருக்கிறார்கள்’ என்பது சோதனைச் சாவடியில் செல்லாது. ஆகவே எதை மாட்டினாலும், மாட்டுவதற்கு முன்னால் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரியப்படுத்துங்கள். சொல்லாமல் மாட்டியிருந்தால் விபத்துக் கோரிக்கையில் அவர்கள் முதலில் எடுப்பது லிஃப்ட் போட்ட வண்டியின் போட்டோவைத்தான். சஸ்பென்ஷன், ஸ்டியரிங், டிரைவ் ஷாஃப்ட் சம்பந்தமான வாரண்டியும் சிக்கலாகும்.

வாங்கிய பிறகு

மாட்டி முதல் 500 கி.மீ. ஓட்டியதும் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்ச்சால் மறுபடி சோதிக்க வேண்டும். போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால், அதற்குப் பிறகு வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாலே தளர்ந்தது எது என்று தெரிந்துவிடும். புது ஸ்பிரிங் 5, 10 மி.மீ. உட்காருவது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் உட்கார்ந்தால் அது இயல்பு இல்லை. கடைக்காரரிடம் அந்த வாரமே போங்கள். அலைன்மென்ட்டையும் இந்த 500 கி.மீ.க்குப் பிறகு ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

கழற்றிய ஸ்பிரிங், ஷாக், புஷ், பான்ஹார்ட் ராட் எல்லாவற்றையும் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள். ‘பழைய இரும்பு சார், நாங்களே போட்டுடறோம்’ என்பார்கள். முன் வலது, முன் இடது, பின் வலது, பின் இடது என்று ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எழுதி, சாக்கில் கட்டிப் பரண்மேல் போட்டு வையுங்கள். வண்டியை விற்கும்போதோ, ஆர்டிஓ திருப்பி மாட்டச் சொல்லும்போதோ, அதே பாகங்களைப் புதிதாக வாங்கப் போனால் லிஃப்ட் கிட்டுக்குக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி மீண்டும் போய்விடும்.